போன் சொன்ன பத்தியம்

எங்கள் ஊரில் புத்திமதிக்குப் பஞ்சம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. கல்முனையில் நின்று ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். மருதமுனையிலிருந்து ஒருவர் மல்லித் தண்ணி என்பார், நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவர் இஞ்சி என்பார், சாய்ந்தமருதிலிருந்து ஒரு மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, "தும்மினது வெறும் வயித்திலயா, சாப்பிட்டிட்டா?" என்று வாக்குமூலம் எடுப்பார். இப்படிப்பட்ட ஊரில் இருக்கும் ஒரு சீனி வருத்தக்காரனுக்குப் புத்திமதி போதவில்லை, போனிலும் அனுப்பி வைப்போம் என்று யாரோ எங்கோ இருந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த மனிதரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். என் மனைவிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் மெல்ல எழும்பிப் போய்விடுவேன்.

அந்தச் சீனி வருத்தக்காரன் நான்தான். பென்ஷன் எடுத்த கணக்கு வாத்தியார். வீட்டுக்குக் கூப்பிடுவேன் என்றதும் வீடு என்னுடையது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கரையோரத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து ஏறுகிறவர். உறுதி மனைவியின் பெயரில். பேரப்பிள்ளை கண்ட பிறகும் நான் அங்கே வந்தேறின மாப்பிள்ளைதான். ஆகவே இரவு பதினொரு மணிக்கு பிரிட்ஜைத் திறக்கிற மனிதனுக்கு நியாயப்படி எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது.

முந்தியெல்லாம் சீனி வருத்தம் ஒரு கௌரவமான வருத்தமாக இருந்தது. மாதம் முழுக்க நம்பாட்டுக்கு இருந்துவிட்டு, கிளினிக்குக்கு முந்தின மூன்று நாளும் பாவற்காய்க் கறி, குறிஞ்சா இலைச் சுண்டல் என்று தவம் கிடந்து, கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனால் காலைச் சீனி அழகான எண்ணாக வரும். டொக்டர் பாராட்டுவார். திரும்பி வரும் வழியிலேயே அந்தப் பாராட்டுக்கு ஒரு பிளேன்டீயும் தொதலும் வாங்கிச் சாப்பிடலாம். பிறகு எச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை வந்தது. இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சீனியை எண்ணி, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடுமாம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு மட்டும் படித்துவிட்டு வந்த பிள்ளைகளைக் காலமெல்லாம் பிரம்பால் விசாரித்தவன் நான். சராசரி என்றால் என்னவென்று எனக்கே ஒரு துளி இரத்தம் படிப்பித்தது.

அந்தச் சராசரியைக் கேட்ட அன்றே குடும்பத்து வட்ஸ்அப் குழு விழித்துக்கொண்டது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. சிலர் தோஹாவில் இருக்கிறார்கள், சிலர் பக்கத்து வளவில். ஒருவர் வெண்டிக்காயை இரவு தண்ணீரில் போட்டுக் காலையில் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் கருஞ்சீரகம் என்றார். மூன்றாமவர் வெண்டிக்காயும் கருஞ்சீரகமும் சேர்ந்தால் நஞ்சு என்று ஒரு வீடியோ அனுப்பினார். அதைப் பார்ப்பதற்கு முன்பே நான் இரண்டையும் குடித்து முடித்திருந்தேன். அன்று முழுக்கக் கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சீனியும் இறங்கவில்லை.

சரி, முறையான இடத்திலிருந்து வரும் செய்திகளையாவது கேட்போம் என்று என் பழைய பட்டன் போன் நம்பரை ஒரு சேவையில் பதிந்துகொண்டேன். அதில் எனக்குத் தெரியாத ஒரு கணக்கு இருந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்துப் போகும். தமிழ் என்றால் 70தான். அந்த 70இலும் புள்ளி தனி, கொம்பு தனி, விசிறி தனி. நாலெழுத்துக் கொழுப்பு அங்கே போய் எட்டாகப் பருத்துவிடும். கொஞ்சம் நீளமாக எழுதினால் செய்தி 67, 67ஆகத் துண்டாகி, நல்ல போனில் ஒட்டி வரும், என் போன் மாதிரியில் தனித்தனியாக வரும். ஹஜ்ஜுப் பெருநாளன்று காலை எனக்கு வந்தது இது: "நீரிழிவு உள்ளவர்களும் பெருநாள் தினத்தில் இனிப்பு வகைகள் சாப்பிடலாம்". மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டினேன். அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு தனிமனிதர் என்ன செய்வது என்று அவர்களும் பேசாமல் இருக்க, வட்டிலப்பத்தை நான் தட்டில் கண்ணியமாகப் போட்டுக்கொண்டேன். பின்னேரம் அஸருக்கு ஒளு எடுக்கும்போது மற்றத் துண்டு வந்தது: "என்று எண்ணுவது ஆபத்தானது".

பட்டன் போனைப் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிட்டு, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய பெரிய போனுக்கு மாறினேன். அதில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி ஒன்றை மகள் போட்டுத் தந்தாள். மணிக்கொரு தடவை ஒரு பெண்பிள்ளை இனிமையான ஆங்கிலத்தில் கூப்பிடுவாள். அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது, எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்லும் குரல் வேறு மாதிரி. பிறகு ரமழான் வந்தது. செயலிக்கு அது தெரியாது. நோன்பு பத்தோ பன்னிரண்டோ, ஜும்ஆவுக்குப் போயிருக்கிறேன். பள்ளி நிறைந்த சனம், வெளியே கொதிக்கிற வெயில், இமாம் பொறுமையின் சிறப்பைப் பற்றி குத்பா ஓதுகிறார். சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை, "இட்ஸ் டைம் டு டிரிங் வோட்டர்!" என்றாள். முன் வரிசை முழுவதும் திரும்பியது. பையைப் பொத்தினேன். பொத்தியது போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டாம் முறையும் சொன்னாள். தொழுகை முடிந்து வெளியே வரும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளைக்கு நோன்பில்லயா?"

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தப் பிரச்சினையை ஏற்கெனவே ஒரு நாடு தீர்த்து வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் செனகல். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து நடத்திய திட்டத்தில், 2014இல் ரமழானைப் பார்த்தே அங்கே நீரிழிவுக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி தொடங்கினார்கள். நோன்பு பிடிக்க முன் டொக்டரைக் கேள், பிடித்தால் எதைக் கவனி, திறக்கும்போது எதை எடு என்று, ஆளின் நாட்காட்டியைத் தெரிந்துகொண்டு பேசுகிற செய்திகள். செனகலில் பிறந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

சென்னையிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். டொக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவும், சீனி வருத்தம் இன்னும் வராத, ஆனால் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிற 537 ஆண்களைப் பிடித்தார்கள். எல்லாருக்கும் தொடக்கத்தில் புத்திமதி. பாதிப் பேருக்கு மட்டும் அதற்குப் பிறகு கைபேசியில் தொடர்ந்து குறுஞ்செய்தி. அதுவும் எல்லாருக்கும் ஒரே செய்தி அல்ல. மாற யோசிக்கவே தொடங்காதவனுக்கு ஒன்று, யோசிக்கிறவனுக்கு ஒன்று, தொடங்கிவிட்டவனுக்கு ஒன்று என்று ஆள் பார்த்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், செய்தி கிடைக்காதவர்களில் 27 சதவீதத்தினருக்கு வருத்தம் வந்துவிட்டது, கிடைத்தவர்களில் 18. 2013இல் லான்செட் குடும்பத்துச் சஞ்சிகை ஒன்றில் அது வெளிவந்தது. நடையிலும் உடல் எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லையாம், சாப்பாட்டில்தான் மாறியிருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்பது பேர் தப்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, அந்த ஒன்பதில் நானும் வந்திருப்பேனோ என்று மனைவியிடம் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆண்களை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு விளங்குகிறது. அந்த ஆண்கள் சென்னையில் வலீமா என்ற கல்யாண விருந்துக்குப் போய் சஹனில் உட்காரவில்லை என்பதும் விளங்குகிறது. என் செய்தி என்ன சொல்கிறது? "உங்கள் தட்டில் பாதி மரக்கறியாக இருக்கட்டும்." உங்கள் தட்டில்! சஹன் என்பது யாருடைய தட்டு? ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிறோம். வட்டத்தை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 60 பாகை. அதில் பாதி மரக்கறி என்றால் 30 பாகைக்குக் கத்தரிக்காயும் சலாதும் போட வேண்டும். நான் விரலால் ஒரு கோடு கிழித்து, என் ஆரைச்சிறைக்குள் சலாதை ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் சஹனுக்கு ஒரு மரியாதை உண்டு, நல்ல துண்டை மூத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அன்று என்னோடு உட்கார்ந்த ஐந்து பேரும் என்னிடம் படித்தவர்கள். "சேர், இதை எடுங்க." "சேர், ஈரல் உங்களுக்கு." நாலு பக்கத்திலிருந்தும் இறைச்சி எல்லை தாண்டி வந்து குவிந்தது. வேண்டாம் என்றால் விருந்து வீட்டாருக்குக் குறை. ஒருவன் மட்டும் கோழிக்காலை வைக்கும்போது மெல்லச் சிரித்தான். கேத்திர கணிதத்துக்காக அதிகம் அடி வாங்கியவன்.

நடையைப் பற்றிக் கேட்காதீர்கள். நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லும் அந்தக் கணக்கு, 1965இல் ஒரு யப்பானியக் கம்பனி தன் அடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பிடித்த எண் என்று பின்னால் வாசித்தேன். வாசித்த அன்று எனக்குப் பெருத்த ஆறுதல். ஸுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடக்கிற கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு, என்ன மீன், என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு நடப்போம். நடை ஒரு தேநீர்க்கடையில் முடியும். முடிகிற இடத்திலிருந்துதான் செலவழித்த சக்தியைத் திரும்ப உள்ளே போடும் வேலை தொடங்கும். அதில் நாங்கள் யாரும் கடன் வைப்பதில்லை.

இந்த நிலையில்தான் என் ராத்தாவின் மகள் விஷயத்தைக் கையில் எடுத்தாள். லண்டனில் இருக்கிறாள். அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையை உடம்பின் காவற்படையே எதிரியென்று நினைத்துத் தாக்கிவிடுகிறது. எலி கடித்த கரண்ட் வயர் மாதிரி, செய்தி போகும், ஆனால் வழியில் சிந்தும். உலகத்தில் 28 இலட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்களாம், பெண்களே அதிகம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அபூர்வம் என்பதால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வருத்தம் இருப்பதே யாருக்கும் தெரியாது. அவள் லீவுக்கு வந்தது ஓகஸ்டில், கச்சான் காற்று அடிக்கிற நேரம். வந்த இரண்டாம் நாளே கண் மங்கி, கால் தடுமாறியது. அவள் பதறவில்லை, 1890இல் ஊட்ஹொஃப் என்ற ஜெர்மன் கண் டொக்டர் எழுதி வைத்ததுதான் என்றாள், உடம்பு சூடானால் பழைய குறிகள் தலைகாட்டும், குளிர்ந்தால் போய்விடும். ஒரு காலத்தில் இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்க ஆளைச் சுடுநீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். கல்முனையில் ஓகஸ்டில் அந்தப் பரிசோதனை இலவசம், தொட்டியும் தேவையில்லை.

எங்கள் பெண்கள் ஊட்ஹொஃபை நம்பவில்லை. ஒருத்தி கண்ணூறு என்றாள், ஒருத்தி ஓதின தண்ணி கொண்டுவந்தாள். அது ஐஸ் பெட்டியில் வைத்த தண்ணி. மருமகள் அதை நெற்றியில் தடவி நல்ல சுகம் என்றாள், ஓதினவருக்குப் பேர் கிடைத்தது. எல்லாருமாகச் சேர்ந்து அவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. டொக்டர்மாரும் ஒரு காலத்தில் இப்படித்தான், களைத்துப்போவாய், அசையாதே என்பார்களாம். 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் 54 நோயாளிகளை வைத்து 15 வாரம் பயிற்சி செய்வித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு மாறியது. உடல் வலுவும் கூடியது, மனச்சோர்வும் குறைந்தது. இதை அவள் என் மனைவிக்கு விளங்கப்படுத்தினாள். மனைவி முழுவதும் கேட்டுவிட்டு, "சரி கிளி, நீ படு" என்றாள்.

அவளுக்கும் லண்டனில் போனில் செய்திகள் வரும். வெயில் கூடின நாளில் குளிர்ச்சியாக இரு, களைப்பதற்கு முன் இரு, கொஞ்சமாவது நட, விட்டமின் டி எடு, புகைக்காதே. தானாக வருகிற செய்தியை அழித்துவிட்டுப் போய்விடலாம் மாமா, ஒரு ஆள் இருந்து கேட்டால் அப்படிப் போக முடியாது என்றாள். ரொபர்ட் மோட்டல் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் இந்த வருத்தக்காரருக்கு இணையத்தில் பாடம் வைத்து, அடி எண்ணும் கருவி கொடுத்து நடக்க வைத்திருக்கிறார். அதிலும் பாடத்தோடு விடாமல், ஒரு ஆள் கணினித் திரையில் முகம் காட்டிப் பேச ஏற்பாடு செய்திருந்தார். கென்யாவில் இன்னும் சிக்கனம். எச்ஐவி மருந்து எடுப்பவர்களுக்கு வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி. அதில் மருந்தைப் பற்றிக்கூட ஒன்றுமில்லை, எப்படி சுகம் என்ற கேள்வி மட்டும். நல்ல சுகம், அல்லது பிரச்சினை என்று பதில் போட வேண்டும். பிரச்சினை என்றால் தாதி கூப்பிடுவார். 2010இல் வந்த முடிவு: கேட்கப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், கேட்கப்படாதவர்களில் 50.

"ஆகவே நான் புத்திமதி சொல்லமாட்டன் மாமா. ராவைக்கு ஒரு கேள்வி கேப்பன். நீங்க உண்மையச் சொன்னாப் போதும். நானும் சொல்லுவன்" என்றாள் மருமகள். பதினாறு திசையிலிருந்தும் கட்டளை வருகிற ஒரு மனிதனிடம் இப்படிப் பேசினால் அவன் உருகாமல் என்ன செய்வான்? ஒப்புக்கொண்டேன்.

நன்றாகத்தான் போகிறது. எங்களுக்கு இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் அவளுக்குப் பின்னேரம். "இண்டைக்கு என்ன மாமா?" என்று வரும். நான் இடியப்பக் கணக்கைச் சொல்வேன். அவள் இன்று படி ஏறினேன், இன்று ஏறவில்லை என்பாள். சில நாள் அவளிடமிருந்து ஒன்றும் வராது. அன்று களைப்பு அமுக்கியிருக்கும் என்று நானே கேள்வியை அனுப்பிவிடுவேன். மறுநாள் ஒரு சிரிப்புப் படம் வரும். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அவளிடம் சொல்லிப் பழகிவிட்டேன். தேநீர்க்கடை விஷயம் வீட்டுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். சீனி எத்தனை கரண்டி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எச்பிஏ1சியும் போன முறை சற்று இறங்கியிருந்தது. டொக்டர் கொப்பியில் ஏதோ எழுதும்போது புருவத்தைத் தூக்கினார், பாராட்டாகத்தான் இருக்கும்.

போன கிழமை கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம். கந்தூரிச் சோறும் கடைத்தெருவும் ஊர் முழுக்கச் சனமும். தொதல் வெட்டிக்கொண்டிருந்த கடையில் பழைய மாணவன் ஒருவன் நின்றான். "சேர்" என்றான். அதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது போன் அதிர்ந்தது: "இண்டைக்கு என்ன மாமா?" கேற்றடியில் நின்றே, "தொதல். ரெண்டு துண்டு" என்று தட்டி அனுப்பினேன். மனச்சாட்சி இலேசானது. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, மண்டபத்தைத் தாண்டிக் குசினிக்குள் போனேன்.

மனைவி போனைக் கையில் பிடித்தபடி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லண்டன்ல ஒங்கட மருமகளுக்கு ரெண்டு துண்டு எண்டு சொன்னிங்களாம்" என்றாள். "இப்ப எனக்கு மற்ற ரெண்டையும் சொல்லுங்க."